ஆர்எக்ஸ் 100 கவர் ஸ்க்ரூ கழலவில்லை, உளி வைத்துத் தட்டலாமா?

பத்து வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை வீட்டிலேயே பிரித்துக் கிளப்பப் பார்க்கிறீர்கள். வலது பக்க கிளட்ச் கவரில் சில ஸ்க்ரூ வந்துவிட்டன, மூன்று வரவில்லை, அதில் இரண்டுக்குத் தலை வழுக்கிக் கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. சைலன்சர் நட் ஒன்றும் முனை மழுங்கிவிட்டது. தெருமுனை மெக்கானிக் "உளி வச்சு நாலு தட்டு தட்டினா வந்துரும்" என்கிறார், தட்டலாமா என்பது கேள்வி. தட்டலாம். ஆனால் இப்போது வேண்டாம், உளியை வைத்தும் வேண்டாம்.

அந்த இரண்டு தலை போனதற்குத் துரு மட்டும் காரணமில்லை. உங்கள் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர்தான் பாதிக் காரணம் என்று பார்க்காமலே சொல்வேன். நம் வீடுகளில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பெரும்பாலும் 2-ஆம் நம்பர் நுனி. கவரில் இருப்பது எம் 6 ஸ்க்ரூ, அதாவது உடம்பு 6 மில்லிமீட்டர் தடிமன், அதன் பள்ளம் 3-ஆம் நம்பர். 2-ஐ உள்ளே விட்டால் சரியாக உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் சுவரில் ஒட்டாமல் நடுவில் சும்மா நிற்கும், அழுத்தித் திருப்பினதும் பள்ளத்தின் ஓரத்தைச் சீவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரு தடவை சீவினால் அடுத்த தடவை இன்னும் சுலபமாகச் சீவும், மூன்றாவது தடவை கிண்ணம்.

இதற்கு மேல் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நாம் ஸ்டார் என்று சொல்வது எல்லாம் ஒரே ஸ்டார் இல்லை. அமெரிக்காவில் 1930களில் ஹென்றி பிலிப்ஸ் பெயரில் வந்த பள்ளத்தின் சுவர் கொஞ்சம் சரிவானது, முறுக்கு கூடினால் நுனி மேலே ஏறி வழுக்கும். ஜப்பான் தரத்தில் செய்த ஸ்க்ரூவில் உள்மூலைகள் கூர்மையாக இருக்கும், அதில் பிலிப்ஸ் நுனி அடிவரை இறங்காமல் பாதியில் தொங்கும். சில ஸ்க்ரூவின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் ஜப்பான் வகைக்கு அடையாளம். புள்ளி இல்லாவிட்டாலும் யமஹா, பழைய ஹோண்டா, சுசுகி எஞ்சின் கவர் என்றால் அந்த வகை என்றே எடுத்துக்கொள்வது நல்லது. ஜப்பான் தர நுனி உள்ள டிரைவர் இணையத்தில் கிடைக்கிறது, வெஸல் மாதிரி ஜப்பான் கம்பெனிகள் செய்கின்றன. விலை அதிகமாகத்தான் தெரியும், ஒரு கிளட்ச் கவரின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது வரும்வரை காத்திருக்க முடியாது என்றால் நல்ல 3-ஆம் நம்பர் பிலிப்ஸ் நுனியாவது வாங்குங்கள். கழன்று வந்த ஸ்க்ரூ ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், கவுண்டரிலேயே நுனியைச் சொருகிப் பாருங்கள், ஆட்டினால் ஆடக்கூடாது. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சிடி 100 பைக்கில். காலேஜ் முடித்த வருடம், மாமாவின் வண்டி, கேட்காமல் பிரித்தேன். ஒரே மதியத்தில் நாலு தலையைக் கிண்ணமாக்கிவிட்டு, கோபத்தில் உளியை வைத்து அடித்ததில் கவரின் காது ஒன்று உடைந்து கையோடு வந்தது. அவர் திட்டவே இல்லை, ஒரு வாரம் பேசாமல் இருந்தார், அதற்குத் திட்டே தேவலை.

சரி, இப்போது தட்டுகிற கருவிக்கு வருவோம். இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் என்று கேளுங்கள், கரண்டில் ஓடுவதில்லை, சுத்தியலால் பின்னால் அடிக்கிற கனமான இரும்புக் குழாய் மாதிரியானது. அடி விழுந்ததும் உள்ளே இருக்கும் சாய்வான பள்ளம் அந்த அடியில் ஒரு பங்கைத் திருகலாக மாற்றிவிடும். அழகு என்னவென்றால், நுனி திரும்புகிற அதே நொடியில் சுத்தியலின் எடை அதைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டும் இருக்கும், அதனால் வழுக்க வழியில்லை. அந்த அதிர்ச்சியிலேயே மரையில், அதாவது திருகு வரிகளில், பிடித்திருக்கும் துருவும் விரிசல் விடும். உள்ளூர் டூல்ஸ் கடைகளில் நுனிகளோடு ஒரு பெட்டியாகவே கிடைக்கும். கூடவே வரும் நுனிகள் சில மென்மையாக இருக்கும், 3-ஆம் நம்பர் மட்டும் தனியாக நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைப் பயன்படுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு, பெட்டியோடு வரும் காகிதத்தில் தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள். உடலைத் திருகி கழற்றும் திசையில் வைத்தபின், நுனியைப் பள்ளத்தில் இறக்கி, கையாலேயே இடப்பக்கம் முடிந்தவரை முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த முறுக்கை விடாமல் அடிக்க வேண்டும். தளர்வாகப் பிடித்து அடித்தால் அடி அந்தத் தளர்வைத் தின்றுவிட்டு நின்றுவிடும். ஒரு கிலோ சுத்தியல் போதும். பயந்து பயந்து பத்து அடி அடிப்பதைவிட நேராக ஒரு நல்ல அடி மேல். பிரித்தெடுத்த கவரை டேபிள் ஓரத்தில் தொங்கவிட்டு அடிக்காதீர்கள், அது வார்ப்பு அலுமினியம், விரிசல் விட்டுவிடும். எஞ்சின் ஃபிரேமிலேயே இருக்கட்டும், வண்டியைச் சுவரோரம் அசையாமல் நிறுத்தி, யாரையாவது மறுபக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தலை லேசாகத்தான் வழுக்கியிருக்கிறது என்றால் வால்வு உரசும் கிரைண்டிங் பேஸ்ட் ஒரு பொட்டு எடுத்து நுனியில் தடவிவிட்டு அடியுங்கள், அந்த மணல் துகள் பிடிமானம் கொடுக்கும். பேஸ்ட் எஞ்சினுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேரிங்குக்கு எமன். அப்புறம் தலையை முனை தட்டையான ஒரு பஞ்ச் கருவியால் ஓங்கி ஓர் அடி அடித்தால் சிதைந்த பள்ளம் கொஞ்சம் மூடிக்கொள்ளும், அதில் நுனியை மறுபடி அடித்து இறக்கினால் புதுப் பள்ளம் கிடைத்த மாதிரி.

முழுக்கக் கிண்ணமாகிப்போன தலைக்கு நான் செய்வது வேறு. டிரில்லில் 6 அல்லது 6.5 மில்லிமீட்டர் பிட் போட்டு, சரியாக நடுவில் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுவேன். கேட்கவே கை நடுங்கும், ஆனால் எனக்குத் தெரிந்ததில் இதுதான் சேதம் குறைந்த வழி. பாருங்கள், கவர் ஸ்க்ரூ இறுகி நிற்பதில் பெரும்பங்கு தலைக்கும் கவருக்கும் நடுவில் இருக்கும் இழுவிசை. தலை போனதும் அந்த இழுப்பு போய்விடும். மற்ற ஸ்க்ரூ எல்லாம் எடுத்தபின் கவரை ரப்பர் சுத்தியலால் தட்டிக் கழற்றினால், கவரின் தடிமன் அளவுக்கு ஸ்க்ரூவின் உடம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பினால் பல சமயம் நம்பவே முடியாத அளவு லேசாக வந்துவிடும். தலைக்கு அடியில் கவரின் மேற்பரப்பில் பிட் இறங்காமல் நிறுத்துவதுதான் ஒரே கவனம். தலை பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் தலை சம்பந்தப்பட்டது. மரையே பிடித்திருந்தால்? அங்கேதான் எது பிடித்திருக்கிறது என்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து நோய்க்கு நோய் மாறும். அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ, நடுவில் ஈரம், அதிலும் கடலோர ஊராக இருந்தால் உப்பு, இது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் அரிபடுவது அலுமினியம், அரிபட்டு உண்டாகும் வெள்ளைத்தூள் பழைய உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மரை இடுக்கில் சிமென்ட் பூசின மாதிரி அடைத்துக்கொள்ளும். சைலன்சர் பக்கம் நிலைமை வேறு, அங்கே இரும்போடு இரும்பு, சூட்டில் வெந்து துருவேறி ஒன்றாகிவிட்டிருக்கும். மூன்றாவது வகை, ஸ்க்ரூ தானாகக் கழலாமல் இருக்க யாரோ மரைப் பசை போட்டு முறுக்கியது. நீல வகை கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்பு வகைக்கு ஏறக்குறைய 250 டிகிரி சூடு காட்டாமல் அசையாது, எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை.

எண்ணெய் பற்றி. டபிள்யூடி-40 எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அது 1953-இல் அமெரிக்காவில் ஏவுகணையின் உலோகத் தோலில் ஈரம் தங்காமல் இருக்கச் செய்த திரவம், தண்ணீரை விரட்டுவதுதான் அதன் பிறவி வேலை. ஓரளவு ஊடுருவும், மோசமில்லை, ஆனால் துருப் பிடித்த மரைக்கென்றே விற்கும் திரவங்கள் அதைவிட நன்றாக இறங்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. அசிட்டோன் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும், சட்டென்று தீப்பற்றும், அதனால் வராந்தாவில் வைத்துக் கலக்குங்கள், சமையலறையில் வேண்டாம். ஒன்றும் இல்லாவிட்டால் மண்ணெண்ணெய். எதுவானாலும் அடித்தவுடன் ஸ்பேனர் எடுக்காதீர்கள். ராத்திரி ஒரு முறை, காலையில் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் போல்ட் தலையில் சுத்தியலால் நாலு லேசான தட்டு, இப்படி இரண்டு நாள். தட்டு முக்கியம், அந்த அதிர்வில்தான் எண்ணெய் இடுக்கு தேடி இறங்கும்.

சூடு காட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 8 மில்லிமீட்டர் துளையைச் சுற்றி 150 டிகிரி கூட்டினால், போல்ட்டும் அதே அளவு சூடேறினாலும், துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 0.013 மில்லிமீட்டர் இடைவெளி கூடுதலாகக் கிடைக்கும். தலைமுடியின் தடிமனில் ஒரு துண்டுதான், ஆனால் அந்த வெள்ளைத்தூளின் பிடி விட அதுவே போதும். எனவே கவரில் சூடு காட்ட வேண்டிய இடம் போல்ட் தலை அல்ல, சுற்றியுள்ள அலுமினியம். ஹீட் கன் இருந்தால் அதுதான் பாதுகாப்பு. கேஸ் டார்ச் என்றால் தீயை ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது, அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை கொடுக்காது, 660 டிகிரியை நெருங்கும்போது திடீரென்று குழைந்து விழுந்துவிடும், வார்ப்புக் கலவைகள் அதற்கு முன்பே. எவ்வளவு சூடு என்பதற்குத் தோசைக்கல் கணக்கே போதும்: ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று துள்ளி மறைய வேண்டும். ஆயில் சீல் பக்கத்தில் இருந்தால் அதற்கு மேல் போகாதீர்கள், ரப்பர் வெந்துவிடும்.

சூடாக இருக்கும்போதே மரை ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஒற்றி எடுங்கள். உருகின மெழுகு திரி வழியாக ஏறுகிற மாதிரியே இடுக்குக்குள் உறிஞ்சிக்கொண்டு போகும். பழைய லேத் பட்டறை வித்தை. எண்ணெய்க்குக் கேட்காத சிலது இதற்குக் கேட்டிருக்கிறது.

நெருப்பு எடுக்கும் முன் பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டேன் என்பதெல்லாம் கணக்கில்லை. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டாதீர்கள், குளோரின் கலந்த வகைகள் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவை விடும்.

திருப்பும்போது கை சொல்வதைக் கேளுங்கள். "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டால் அது நல்ல செய்தி. கிறீச்சிட்டுக்கொண்டே நகர்ந்தால் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி. ஒரே மூச்சில் கழற்றப் பார்த்தால் தூள் முன்னால் குவிந்து இறுகிவிடும். ஆனால் சத்தமே இல்லாமல், ஈர மண்ணில் திருப்புவது போல மெத்தென்று இளகிக் கொடுத்தால் உடனே நிறுத்துங்கள். மரை கழலவில்லை, போல்ட் உடம்பு முறுகிக்கொண்டிருக்கிறது, இன்னும் கால் சுற்றில் ஒடியும். எம் 6-இல் இதற்கு அதிக பலம் தேவையே இல்லை, நீளமான குழாயை ஸ்பேனரில் சொருகி இழுத்தால் அந்த மெத்தென்ற உணர்வு வருவதற்குள் கதை முடிந்திருக்கும். குழாய் சொருகுவது 17, 19 மில்லிமீட்டர் தலைகளுக்கு.

இனி உங்கள் சைலன்சர் நட். மழுங்கக் காரணம் ஓபன் ஸ்பேனர், அது இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். ரிங் ஸ்பேனரிலும் சாக்கெட்டிலும்கூட பன்னிரண்டு முனை உள்ளது மூலையைத்தான் பிடிக்கும், ஆறு முனை உள்ளது தட்டைப் பக்கங்களில் உட்காரும், பிடிவாத நட்டுக்கு எப்போதும் ஆறு முனை. ஏற்கெனவே மழுங்கினதற்கு அங்குல அளவு சாக்கெட்டைத் தேடுங்கள்: 10 தலை மழுங்கியிருந்தால் 3/8 அங்குலம், அது 9.5 மில்லிமீட்டர், 12 என்றால் 7/16, அது 11.1. சுத்தியலால் அடித்து இறக்கினால் புது மூலை வெட்டிக்கொண்டு இறுக்கமாக உட்காரும். இறக்கும் முன் நட்டைச் சூடு பண்ணுங்கள், இங்கே இரும்போடு இரும்பு என்பதால் வெளியில் இருக்கும் நட்டைத்தான் சூடாக்க வேண்டும், செந்நிறம் வந்தாலும் பரவாயில்லை. அதுவும் கேட்காவிட்டால் நட்டை பக்கவாட்டில் அறுத்துவிடுங்கள். நட்டின் விலை சில ரூபாய், அது மாட்டியிருக்கும் தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட், ஒடிந்தால் ஒரு நாள் வேலை. நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் கழன்று வந்தால் வருத்தப்படாதீர்கள், புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

போல்ட் ஒடிந்தே விட்டால் எல்லோரும் முதலில் சொல்வது ஈஸி அவுட், ஒடிந்த துண்டை எடுக்கும் கருவி. பெயரில்தான் ஈஸி. துளை போட்டு, கூம்பு மாதிரி இருக்கும் அந்த இடது மரையை உள்ளே இறக்கித் திருப்ப வேண்டும். கூம்பு உள்ளே போகப் போக ஒடிந்த துண்டை வெளிப்பக்கம் தள்ளி இன்னும் இறுக்கும், கருவி கடின எஃகு என்பதால் வளையாது, முறியும். முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. மரை தளர்வாக இருந்து தலை மட்டும் போன துண்டுக்கு இது சரி, துருவில் இறுகின துண்டுக்கு என் கையால் இனி இதைத் தொடமாட்டேன். வெல்டிங்தான் நல்லது: ஒடிந்த முனை மேல் ஒரு நட்டை வைத்து அதன் துளை வழியாக நிரப்பி வெல்ட் வைத்தால், ஸ்பேனர் போட ஒரு தலையும் கிடைக்கிறது, உள்ளே போன சூட்டில் துருவும் விட்டுக்கொடுக்கிறது. இரும்பு வெல்ட் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் சுற்றிலும் பெரிய சேதம் வராது. பேட்டரியையும் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ யூனிட்டையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டரைப் பக்கத்தில் விட வேண்டும். துளைப்பதுதான் வழி என்றால் நடுவில் பஞ்ச் குத்தி, 3, 4, கடைசியில் 5 மில்லிமீட்டர், மிச்சம் சுருள் கம்பி மாதிரி மரையில் நிற்கும், ஊசியால் கிளறி எடுக்கலாம். துளை கோணிப்போய் மரையும் போனால் ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்: 6.3 மில்லிமீட்டர் துளை, மரை வெட்ட அதற்கான டேப், அப்புறம் சுருள். முறையாகப் போட்டால் பழைய அலுமினிய மரையைவிட உறுதி.

இன்னொரு வழி இருக்கிறது, பலர் நம்பமாட்டார்கள். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே, அந்தப் படிகாரம். கொதிக்கும் பக்குவத்தில் வைத்த அடர்த்தியான படிகாரத் தண்ணீர் இரும்பை மெல்ல மெல்லத் தின்னும், அலுமினியத்தை ஏறக்குறைய விட்டுவிடும். கடிகார ரிப்பேர்க்காரர்கள் பித்தளைத் தகட்டில் ஒடிந்த ஸ்க்ரூவை இப்படித்தான் கரைக்கிறார்கள். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும், முழுக்க அலுமினியமான ஹெட் அல்லது கவருக்கு மட்டும்தான் இது. இரும்பு ஸ்லீவ் உள்ள சிலிண்டரைப் போட்டுவிட்டால் ஸ்லீவும் சேர்ந்து போகும். பாத்திரத்தை அப்புறம் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது அந்தப் பழைய ஸ்டார் ஸ்க்ரூக்களை மறுபடி போடாதீர்கள், எம் 6 அலன் போல்ட், 5 மில்லிமீட்டர் அலன் கீ. நீளம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கே குத்தி வையுங்கள், அட்டையோடு கடைக்குப் போங்கள். நீளமானதைத் தவறான துளையில் போட்டால் அடியில் முட்டி மரையைக் கிழிக்கும். துளைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் துடைத்துவிடுங்கள், அடைபட்ட துளையில் போல்ட் அந்த எண்ணெயை அழுத்தி வார்ப்பையே பிளந்துவிடும். மரை மறுபடி பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை மெல்லிசாக. அலன் கீயில் பிடி நன்றாக இருப்பதால் அதிகமாக முறுக்கத் தோன்றும், 10 நியூட்டன் மீட்டர் தாண்டவே வேண்டாம், அலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து முறுக்கினால் ஏறக்குறைய அங்கேதான் நிற்பீர்கள்.

கேட்க மறந்தேன், கியர் ஆயிலை வடித்துவிட்டீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. வடிக்கவில்லை என்றால் முதலில் ஆயில் ஊற்றும் மூடி கழலுகிறதா என்று பாருங்கள், அது வந்தபின்தான் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட். வடிக்காமலே கவரைத் தட்டிக் கழற்றினால் ஆயில் முழுக்கத் தரைக்குத்தான், வீட்டில் அப்புறம் எஞ்சின் வேலைக்கு அனுமதி கிடைக்காது.